மன்றம் இறங்கும் இடம்

புல்டோசர் இடித்துத் தரைமட்டமாக்கிய மூன்றாம் வருஷம், தை மாதத்தில் ஒரு விடிகாலையில், படகுத்துறை நற்பணி மன்றம் தன் நாலு சுவரோடும் சிமென்ட் ஷீட் கூரையோடும் கேரம் பலகையோடும் தெற்குக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் காலி மனையில் வந்து நின்றது. அதை முதலில் பார்த்த நாகரத்தினம் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "வந்துட்டியா" என்று அதனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லாரித் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று வரிசைக்கு ஓடினாள்.

படகுத்துறை என்று பெயரே தவிர, ஆற்றோரத்தில் இருந்த அந்தக் குடிசைப் பகுதியில் படகும் கிடையாது, துறையும் கிடையாது. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளும் நடுவே இந்த மன்றமும்தான் இருந்தன. மன்றம் என்றால் ஒரே அறை. வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல், டிவி திருடுபோகாமல் இருக்க அடித்த கம்பிக் கூண்டு ஒன்று. கூண்டு செய்து வருவதற்குள் டிவி திருடுபோய்விட்டதால் கூண்டு மட்டும் பத்திரமாக இருந்தது. வளைகாப்பு அங்கேதான், ரேஷன் கடைக்காரன் மேல் மனு எழுதுவது அங்கேதான், மாமியார் மருமகள் வழக்குத் தீர்ப்பது அங்கேதான், ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் போய்ப் படுப்பதும் அங்கேதான், செத்தவர்களை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர்ச் சொந்தம் வரும்வரை காத்திருப்பதும் அங்கேதான். பிறகு ஒருநாள் ஆற்றை அழகுபடுத்தப் போகிறோம் என்று சொல்லி, வீட்டுக்காரர்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை ஊருக்குத் தெற்கே ஒரு கோடியில் எட்டு மாடிக் கட்டடங்களிலும் பாதிப் பேரை வடக்கே இன்னொரு கோடியில் அதே மாதிரிக் கட்டடங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். குலுக்கலுக்கு யார் யாருக்கு வேண்டியவர்கள் என்று தெரியாதில்லையா, நாகரத்தினத்தின் பெயர் தெற்கே விழுந்தது, ரெஜினாவின் பெயர் வடக்கே விழுந்தது.

நாகரத்தினமும் ரெஜினாவும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள். ரெஜினா அங்கே ஆணி அடித்தால் இங்கே நாகரத்தினத்தின் முருகர் படம் விழும். இங்கே கருவாடு வறுத்தால் அங்கே சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கும். மன்றத்தில் கூட்டம் நடந்தால் நாகரத்தினம் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவள் வாசலில் செருப்பை விடும்போதே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ரெஜினா திரும்பிப் பார்க்காமல் ஒரு ஆள் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டுவாள். செருப்புச் சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். நாகரத்தினம் வாய் திறந்து நாலு பேர் நடுவில் பேசுகிறவளும் இல்லை. மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானத்தைச் சொல்லிவிட்டுச் செயலாளர் டில்லிபாபு, "ஆட்சேபம் உண்டா" என்று மூன்று முறை கேட்பான், மூன்றாம் முறையும் பேசாதவர்கள் சம்மதித்தவர்கள். அப்படி நாகரத்தினத்துக்குப் பிடிக்காத தீர்மானம் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரெஜினாதான், "இவளுக்கு இஷ்டமில்ல, கேட்டுக்கோ" என்று சத்தமாகச் சொல்வாள்.

மன்றம் வந்து நின்ற அன்றே குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

"கட்டல சார். கட்னதுதான், வந்துக்கீது" என்றான் டில்லிபாபு. அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். காக்கிச் சட்டையோடு நிற்கும்போது அவனுக்கே ஓர் அதிகாரக் களை வந்துவிடும்.

"எங்கேருந்து வந்தது?"

"ஆத்தாண்டேர்ந்து சார்."

"அதைத்தான் இடிச்சாச்சே."

"ஆமா சார். நாங்களும் கூட நின்னு பாத்தோம்."

அதிகாரி குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். அஸ்திவாரம் இல்லை, அடியில் இருந்த புல்கூட நசுங்காமல் இருந்தது. அஸ்திவாரம் இல்லாததைக் கட்டடம் என்று எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்காது, நகர்ந்து வந்தது என்றால் அது வாகனம், வாகனம் தன் பிரிவில் வராது என்று யோசித்துச் சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குமேல் அரசாங்கம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜனங்களும் கேட்கவில்லை. ஆனாலும் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் நமக்குப் பிறவிக் குணமாயிற்றே. நாகரத்தினத்தின் எதிர்வீட்டுக் கோமளா, வந்ததுதான் வந்தது ஒரு கக்கூஸோடு வந்திருக்கக் கூடாதா என்றாள். மூன்று வருஷமாக லிப்டில் பக்கத்தில் நின்றாலும் மேலே எரிகிற நம்பரையே பார்த்துக்கொண்டு போன ஜனம், அன்று சாயங்காலம் மன்றத்துக்குள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, யார் வீட்டில் எந்தப் பிள்ளை பெரிதாயிற்று, யார் சாராயத்தை விட்டார்கள், யார் விடவில்லை என்று அடைமழையாகப் பேசித் தீர்த்தார்கள். நாகரத்தினமும் தாமதமாகத்தான் வந்தாள். செருப்பை விட்டுவிட்டு வாசலில் ஒரு கணம் நின்றாள். யாரும் தரையைத் தட்டவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வாரம் இருந்துவிட்டு மன்றம் போய்விட்டது. போனதை யாரும் பார்க்கவில்லை, காலையில் இடம் காலியாக இருந்தது. சில நாள் கழித்துத் திரும்ப வந்தபோது தரையில் கிளிஞ்சல் மண் ஒட்டியிருந்தது; கேரம் பலகைக்கு அடியில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. போன தடவை நாகரத்தினம் உள்ளே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த தூக்கு, உள்ளே மிச்சமிருந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு காலியாகி, சாம்பல் போட்டுத் துலக்கிப் பளபளவென்று அதே மூலையில் இருந்தது. கட்டியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்து மூடியைத் திறந்தாள். அடியில் ஒரு கைப்பிடி சர்க்கரை இருந்தது.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறவர்கள் படகுத்துறையில் கிடையாது. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். மூடி கழன்றுவிடாமல் பழைய புடவைக் கிழிசலை நாடாவாக்கி, கைப்பிடியில் சுற்றிச் சுற்றி, எட்டுப் பேர் சேர்ந்தாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று போட்டிருந்தது. அந்த முடிச்சைப் போடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். நாகரத்தினம் அந்தக் கிழிசலை மூக்கில் வைத்துப் பார்த்து, மன்றத்தின் நடுவில் நின்று அழுதாள்.

அப்படித்தான் மன்றம் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று போய்வருவது எல்லோருக்கும் தெரிந்தது. அதுவும் பழகிப்போயிற்று. வடக்கே இருக்கிற தம்பிக்கு இங்கிருந்து அக்கா முறுக்கு வைத்தாள். அங்கிருந்து மாமா மருமகனுக்குக் கால்சட்டை வைத்தார். டில்லிபாபு கேரம் பலகையில் ஒரு அடி அடித்து விட்டுவைப்பான், அடுத்த வாரம் வந்து பார்த்தால் அங்கே யாரோ ஒரு அடி அடித்து வைத்திருப்பார்கள்; அப்படியே ஓர் ஆட்டம் சித்திரை வரைக்கும் ஓடியது. நாகரத்தினத்தின் தூக்கும் ஓடியது. வஞ்சிர மீன் போனால் கல்கல் பலகாரம் வந்தது. வடகறி போனால் ஆப்பம் வந்தது. ஒருமுறை வேண்டுமென்றே உப்பில்லாமல் சாம்பார் வைத்து அனுப்பினாள். தூக்கு நிறையக் கல்லுப்பு வந்தது. அன்றைக்கு முழுவதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன் இல்லையா, பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டும் இருந்தன. ஆனால் போனில் என்ன பேசுவது? "இன்னாடி பண்ற", "இன்னாத்த பண்றது", "துன்னியா", "துன்னேன்" என்பதோடு அது முடிந்துவிடும். ஒரே சுவருக்குப் பின்னால் இருந்தவளோடு பேசாமல் இருந்த நேரந்தான் அதிகம். அந்தப் பேசாமல் இருப்பதைப் போனில் செய்ய முடியாது. ரெஜினாவால் வர முடியாது, அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். நாகரத்தினம் போகலாம், மூன்று பஸ் மாறினால் அரைநாள். ஆனால் பழைய வீட்டில் கதவைத் தட்டாமல் உள்ளே போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவளாக இருந்துவிட்டு, இப்போது பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் கிளம்புகிறேன் என்று எழுந்து வர அவளுக்கு மனசு இல்லை. போகாமல் இருந்தால் பார்க்கவில்லை என்ற குறை மட்டுந்தான். போனால் திரும்ப வேண்டுமே. ஆக அவளுக்கு ரெஜினாவைப் பார்க்க வேண்டும், விருந்தாளியாகப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஏக்கம், அது தீருகிற வழிதான் தெரியவில்லை.

வைகாசியில் பெயின்டர் மாசிலாமணி போதையில் மன்றத்துக்குள் போய்ப் படுத்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கிளம்ப வேண்டிய நாள் தாண்டியும் அந்த இரண்டு நாளும் மன்றம் அசையவில்லை. உள்ளே ஆள் இருந்தால் அது போகாது என்பது அப்படித் தெரிந்தது. அடுத்த வாரம் கோமளாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. கூட்டம் கூட்டினார்கள்.

"மண்டபத்துக்குப் போறதுக்கு நம்மால ஆவாது. ஒரு ஆள் மாத்தி ஒரு ஆள் உள்ள ஒக்காந்துக்கினா மன்றம் இங்கயே இருக்கும். வூட்டுக்கு ஒரு முறை, அவ்ளோதான்" என்றாள் கோமளா.

"அப்போ வடக்காண்ட இருக்கறவங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்களுக்கு நாம இன்னா எதிரியா? விசேஷம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

டில்லிபாபு எழுந்து நின்று ஆட்சேபம் உண்டா என்று கேட்க ஆரம்பித்தான். நாகரத்தினத்துக்குத் தூக்கின் ஞாபகம் வந்தது. அது அவள் வீட்டில் இருந்தது. போன வாரம் ரெஜினா அதில் அதிரசம் அனுப்பியிருந்தாள், இனி இவள் முறை. பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. மூன்றாம் முறையும் கேட்டு முடித்துத் தீர்மானம் நிறைவேறியது என்றான் டில்லிபாபு.

விசேஷம் நன்றாகவே நடந்தது. அது முடிந்ததும் ஒரு வளைகாப்பு வந்தது, அதற்குப் பிறகு ஒரு சீட்டுக் கூட்டம், பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை டியூஷன். விசேஷமா இல்லை இந்த ஜனத்துக்கு? ஆனி போயிற்று, ஆடி வந்தது. முறைபோட்டு ஆள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் மன்றத்தை விட மனசு இல்லை. மன்றமும் முரண்டு பிடித்தது. அதன் வடக்கு ஜன்னலை எத்தனை முறை கொக்கி போட்டுச் சாத்தினாலும் திறந்துகொண்டது, கம்பி வைத்துக் கட்டினாலும் திறந்துகொண்டது. மழைச்சாரல் அடிக்கிறதே என்று கோமளா திட்டினாள்.

ரெஜினா போன் செய்தாள். "நாகு, மன்றம் இந்தாண்ட வர்றதேயில்லடி. அங்கதான் கீதா?"

நாகரத்தினம் தன் வீட்டுப் பால்கனியிலிருந்து கீழே பார்த்தாள். மன்றத்தில் விளக்கு எரிந்தது.

"இங்கயும் வர்ல" என்றாள்.

"ஆத்தாண்டயே திரும்பிப் பூட்சோ இன்னாவோ" என்றாள் ரெஜினா. "உன் கொழம்பு துன்னு எத்தினி நாள் ஆவுது."

ரெஜினாவிடம் நாகரத்தினம் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தூக்கைப் பார்த்தால் குற்றம் சொல்வது போல இருந்தது. புடவைத் துணியைப் போட்டு மூடினாள், மூடினால் இன்னும் மோசமாக இருந்தது.

அவள் முறை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு, ரெஜினாவுக்குப் பிடிக்கிற மாதிரி புளி தூக்கலாக வைத்து, தூக்கு நிறைய ஊற்றி, அந்த முடிச்சு வராவிட்டாலும் தனக்குத் தெரிந்த முடிச்சால் மூடியைக் கட்டினாள். மன்றத்தில் முறை மாற்றிக்கொண்டு மாசிலாமணி கிளம்பிப் போனதும் நடுத்தரையில் தூக்கை வைத்தாள். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குக் கிளம்பக் கூச்சமாக இருக்கும் என்று முதுகைக் காட்டி நின்று, தொட்டியில் தண்ணீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் வெயில் பட்டது. திரும்பிப் பார்த்தபோது புல் மட்டும் இருந்தது.

குடியிருப்பே திரண்டு வந்துவிட்டது.

"ஒரு சட்டிக் கொழம்புக்கு மன்றத்தையே வித்துட்டியேக்கா" என்றாள் கோமளா.

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல நாகக்கா" என்றான் டில்லிபாபு. அவனுக்குக் கோபத்தைவிட வருத்தந்தான் இருந்தது.

அன்றிலிருந்து லிப்டில் நாகரத்தினம் ஏறினால் மற்றவர்கள் படியில் ஏறினார்கள்.

வாரம் போயிற்று. மன்றம் வரவில்லை. முதலில் கோமளாதான் ஒரு சாயங்காலம் போய்க் காலி மனையில் நின்று பார்த்தாள். கால் வலித்ததும் புல்லிலேயே உட்கார்ந்தாள். அடுத்த நாள் இரண்டு பேர் பாயோடு போனார்கள். வந்தால் முதலில் நாம் பார்க்க வேண்டும், திரும்பப் போக விடக் கூடாது என்று ஒவ்வொருத்தராகப் போய் உட்கார ஆரம்பித்து, ஆவணி பிறப்பதற்குள் விடிந்தது முதல் அடைந்தது வரை அந்த மனையில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். காத்திருக்கிறவர்களுக்கு டீ வேண்டுமே. ஒருவர் பிளாஸ்க் கொண்டுவந்தார். டீ வந்தால் பேச்சு வராதா? பேச்சு வந்தால் வழக்கு வந்தது, வழக்கு வந்தால் டில்லிபாபு வந்தான். டியூஷன் பிள்ளைகள் வந்தார்கள். மாசிலாமணி எங்கிருந்தோ ஒரு கேரம் பலகை கொண்டுவந்தான். வெயிலுக்குப் பழைய பேனரைக் கட்டினார்கள். மன்றம் வரக் காணோமே என்று எல்லோரும் அங்கே உட்கார்ந்து ஏங்கினார்கள். நாகரத்தினமும் ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அவளை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. குழம்பு கெட்டுப் போயிருக்குமே என்பதுதான் அவள் கவலை.

அங்கிருந்தே ஒருநாள் ரெஜினாவுக்குப் போன் போட்டாள்.

"இங்கேர்ந்து கெளம்பி மாசம் ஆச்சிடி. நான்தான் அனுப்சேன். அன்னிக்கு உன்னாண்ட பொய் சொன்னேன், இங்கதான் இருந்துச்சி" என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் ரெஜினா. "நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா. ஆனா இங்கயும் வர்லடி."

"இன்னா அங்க ஒரே சத்தமா கீது?"

"மன்றம் வந்து நிக்கிற எடத்துலதான் கீறேன். எல்லாம் கூடி ஒக்காந்துனுகீறோம். எங்க வூட்டுக்காரரும் கட்டிலோட இங்கதான். வந்துச்சின்னா ஒடனே தெரியணும்ல?"

நாகரத்தினம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பாய், பிளாஸ்க், கேரம் பலகை, கால் நீட்டிப் படுத்திருக்கிற மாசிலாமணி, மகளுக்குப் பேன் பார்க்கிற கோமளா. மனையில் ஒரு செருப்பு வைக்க இடமில்லை. அங்கேயும் இப்படித்தான் இருக்கும். உள்ளே ஆள் இருந்தால் கிளம்பாதது, கீழே ஆள் இருந்தால் எப்படி இறங்கும்? இங்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கே போய், அங்கே எட்டிப் பார்த்துவிட்டு இங்கே வந்து, அவளுடைய தூக்கை நடுத்தரையில் வைத்துக்கொண்டு, கால் வைக்க இடமில்லாமல் அது அலைந்துகொண்டிருக்கிறது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் நடுவில் எழுந்து நின்று அதைச் சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். டில்லிபாபு தலையைச் சொறிந்தான்.

"அக்கா சொல்றது கரெக்டுதான். எழுந்துக்கினா வந்துரும். எல்லாம் எழுந்துக்கோங்க."

"இந்த ஆட்டம் முடியட்டும்" என்றான் மாசிலாமணி.

"நீ எழுந்துக்கோ, நான் பின்னாடியே வரேன்" என்றாள் கோமளா, பேன் சீப்பைக் கீழே வைக்காமல்.

இன்னொருவர் டீ ஆறிவிடும் என்றார். ஆளுக்கு ஆள் மற்றவரைப் பார்த்தார்கள், சாயங்காலக் காற்றும் நன்றாகத்தான் இருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டில்லிபாபு ஆட்சேபம் உண்டா என்று கேட்கக்கூட மறந்துவிட்டான்.

மறுநாள் காலையில் நாகரத்தினம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை, அதற்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். பையில் ஆப்பிள் இல்லை, தூக்கு இல்லை, கையை வீசிக்கொண்டு போனாள். இரண்டாவது பஸ் பழைய பாலத்தின் மேல் போகும்போது எட்டிப் பார்த்தாள். படகுத்துறை இருந்த இடத்தில் கம்பி வேலிக்குள் செடி வைத்து, சிமென்ட் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெஞ்சுகளில் யாரும் இல்லை. மூன்றாவது பஸ்ஸில் உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்தது. இறங்கி நடந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. கட்டடங்கள் அவளுடைய கட்டடங்கள் மாதிரியே இருந்ததால் யாரையும் வழி கேட்காமல் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கும் என்று பார்த்துப் போனாள்.

தொட்டிக்குப் பக்கத்தில் கிளிஞ்சல் மண்ணில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் தெரிந்த முதுகுகள். ஓரத்தில் ஒரு கட்டில். முன்வரிசையில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள், தலை நரைத்திருந்தது, தோள் கொஞ்சம் கூனியிருந்தது. நாகரத்தினம் கூப்பிடாமல் நடந்து போய், பாயின் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டினாள்.

நாகரத்தினம் போய் உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அத்தனை வருஷமும் போனில் செய்ய முடியாமல் போனதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"வெறுங்கையோடயா வந்த?" என்றாள் ரெஜினா கடைசியில்.

"மன்றத்துல குடுத்தனுப்சிகீறேன்."

"அப்போ வரட்டும்" என்றாள் ரெஜினா.

எழுந்துகொண்டால் அது வந்துவிடும் என்று நாகரத்தினத்துக்குத் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை.